கல்லீரல் நோய் உள்ளவர்க்குப் பித்தப்பை அறுவை: எப்போது, எவ்வாறு?

(தசலட்சணப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உத்தமப் பொறை முதலாக உத்தமப் பிரமசரியம் ஈறாகப் பத்து அறங்களையும் நாளுக்கு ஒன்றாக எண்ணிப் போற்றும் பெருவிழா இது. அவற்றுள் தியாகம் என்னும் அறத்தைச் சான்றோர் விளக்குங்கால் உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் அதனுள் அடக்கிக் கூறுவர். மருந்தை வாங்கிக் கொடுப்பது மருந்துத் தானம்; நோயைப் பற்றிய தெளிவை உரிய காலத்தில் கொடுப்பதும் அத்தானத்தின் ஒரு பகுதியே. அந்த எண்ணத்தால் இன்று எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், கல்லீரல் நோய் உள்ளவர்க்குப் பித்தப்பையில் கல் இருந்தால் என்ன செய்வது என்பதாகும்.

வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கம் பெருகிய பின்னர், பித்தப்பையில் கல் இருப்பது பலர்க்கும் தெரியவருகிறது. கல் என்றவுடன் எடுத்துவிட வேண்டும் என்பார் ஒருவர். மருந்தால் கரைத்துவிடலாம் என்பார் மற்றொருவர். கல்லீரல் நலமாக உள்ளவர் இவற்றுள் எதைக் கேட்டு நடந்தாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார். அவருக்கே கல்லீரல் சுருக்கம் எனப்படும் சிரோசிஸ் நோயும் இருக்குமாயின், அவசரமும் ஆபத்து, தாமதமும் ஆபத்து என்றாகிவிடுகிறது. ஆகவே கல்லின் அளவைக் கேட்பதற்கு முன் கல்லீரலின் வலிமையைக் கேட்க வேண்டும். இவ்வுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

குடிப்பழக்கம் இல்லாத குடும்பங்களில் கல்லீரல் சுருக்கம் எங்கிருந்து வரும் என்று சிலர் வியப்பதுண்டு. மது அந்நோய்க்கு ஒரு காரணம் மட்டுமே. ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ் தொற்றுகள் பல ஆண்டுகள் உள்ளிருந்து கல்லீரலைக் கெடுக்கக்கூடும். நீரிழிவும் உடற்பருமனும் உடையவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்து, அதுவே சிலர்க்குச் சுருக்கத்தில் முடிகிறது. கள்ளும் ஊனும் தொடாதவர்க்கும் இவை வரக்கூடியவை. அதனால், “எனக்கு அந்தப் பழக்கமில்லை, கல்லீரலைச் சோதிக்க வேண்டுவதில்லை” என்று எண்ணுவது பொருந்தாது.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அந்நீரைச் சேர்த்து வைத்து, உணவு இறங்கும்போது குடலுக்கு அனுப்புவது பித்தப்பை. அது கல்லீரலின் அடிப்பகுதியில் ஒட்டியபடி அமைந்த ஒரு சிறு பை. கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் பித்தக்கல் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கு மேலோ மிகுதியாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணங்கள் பல. நோயால் பெருத்த மண்ணீரல் சிவப்பணுக்களை மிகுதியாக அழிக்கிறது; அவற்றிலிருந்து வெளிப்படும் நிறமிப்பொருள் பித்தத்தில் தங்குகிறது. கல்லீரல் சுரக்கும் பித்த அமிலமும் குறைகிறது. பித்தப்பை சுருங்கி விரியும் ஆற்றலும் தளர்கிறது. எனவே இவர்களிடத்தில் காணும் கற்கள் பெரும்பாலும் கருநிற நிறமிக் கற்களாக உள்ளன. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை கொழுப்பால் ஆன சிறு கற்களைச் சிலரிடத்தில் கரைக்கும். நிறமிக் கற்களைக் கரைப்பதில்லை. கல்லைக் கரைப்பதற்கென்று பெயர் தெரியாத சூரணங்களையும் கஷாயங்களையும் உட்கொள்வது, ஏற்கெனவே தளர்ந்த கல்லீரலுக்கு மேலும் தீங்காய் முடியலாம்.

இனி முதல் வினா: கல் இருப்பவர் அனைவரும் அறுவை செய்துகொள்ள வேண்டுமா? வேண்டுவதில்லை. பித்தக்கல் உடையவர்களுள் பெரும்பாலோர்க்கு அது எந்தத் துன்பமும் தருவதில்லை. வலியின்றி இருக்கும் நூறு பேரை எடுத்துக்கொண்டால், ஓராண்டில் ஒருவர்க்கோ இருவர்க்கோதான் தொல்லை தொடங்குகிறது. கல்லீரல் சுருக்கம் உடையவர்க்கு அறுவையின் ஆபத்து மிகுதி. வாளாவிருக்கும் கல்லின் ஆபத்து குறைவு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கும் மருத்துவர்கள், தொல்லை தராத கல்லைத் தொடாமல் கண்காணிப்பதையே நல்வழி எனக் கொள்கின்றனர்.

தொல்லை என்பது எது? உணவுக்குப் பின் வலப்பக்க விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தோன்றி, அரைமணி முதல் சில மணிநேரம் நின்று, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும் கடுவலி முதலாவது. வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் பித்தப்பையில் அழற்சி இருக்கலாம். கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். கணையம் அழற்சியுறுவதும் உண்டு. வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம், பசியின்மை முதலியவை கல்லீரல் நோயாலேயே வரக்கூடும். அவற்றைக் கல்லின் மேல் ஏற்றி அறுவை செய்தால் கல் போகும், உப்புசம் நிற்கும்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. கல்லீரல் சுருங்கி, இரத்தத்தில் அல்புமின் குறைந்து, வயிற்றில் நீர் கோத்தவர்க்கு ஸ்கேனில் பித்தப்பையின் சுவர் தடித்துத் தோன்றும். நலமான கல்லீரல் உடையவரிடத்தில் அது அழற்சியின் அடையாளம். இவரிடத்திலோ நீர்க்கோப்பின் விளைவாகவே அது இருக்கலாம். வலி, காய்ச்சல், இரத்தச் சோதனை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஐயம் இருப்பின் பித்தநீர் ஓட்டத்தைக் காட்டும் ஹைடா ஸ்கேன் போன்ற சோதனையையும் செய்த பின்னரே மருத்துவர் முடிவுக்கு வருவார். ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரியைக் கண்டு குடும்பத்தார் கலங்க வேண்டுவதில்லை.

அறுவையின் வரலாற்றைச் சுருக்கமாக அறிவது, இன்றைய வழிகளைப் புரிந்துகொள்ள உதவும். பித்தப்பையை முழுதாக எடுக்கும் அறுவையை முதன்முதலில் செய்தவர் பெர்லின் நகரின் கார்ல் லாங்கென்புக், ஆண்டு 1882. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வயிற்றைக் கிழித்தே அவ்வறுவை நடந்தது. 1985இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே என்னும் அறுவை மருத்துவர் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். அதுவே லேப்ராஸ்கோப்பி அறுவை. இந்தியாவில் 1990இல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா அதனைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் கல்லீரல் சுருக்கம் உடையவர்க்கு இம்முறை ஆகாது என்றே கருதப்பட்டது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மன்றமும், முற்றிய கல்லீரல் சுருக்கம் உடையவர்களை இவ்வறுவைக்குப் பொருந்தாதவர் பட்டியலில் வைத்தது. பின்வந்த ஆண்டுகளின் பட்டறிவு, நோய் முற்றாதவர்களிடத்தில் அவ்வச்சத்தைப் போக்கியது. வயிற்றைக் கிழிக்கும் முறையோடு ஒப்பிடுகையில் துளைமுறையில் இரத்த இழப்பும் புண்ணின் தொற்றும் குறைவு என்பதும், மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைவு என்பதும் தெளிவாயின. முற்றிய நோயினரைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் இன்றும் அப்படியே நிற்கிறது.

அவ்வச்சத்திற்குக் காரணம் என்ன? குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாய் வழியே கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் இறுகினால் அந்த இரத்தம் எளிதில் நுழைய இயலாமல் அழுத்தம் ஏறுகிறது; தேங்கிய நீர் கரையை உடைத்துப் பக்கவாய்க்கால்களைத் தேடுவதுபோல, இரத்தமும் வேறு வழிகளைத் தேடிக்கொள்கிறது. உணவுக்குழாயின் அடியிலும், தொப்புளைச் சுற்றிலும், பித்தப்பையைச் சுற்றிலும் மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. கத்தி சிறிது பட்டாலும் அவை பெருக்கெடுக்கும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குவதும் கல்லீரலே, அவ்வாக்கம் குறைகிறது. பெருத்த மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இவற்றோடு, அறுவையின் களைப்பால் வயிற்றில் நீர் கோத்தலும், அந்நீரில் தொற்றும், சிறுநீரகத் தளர்ச்சியும், அறிவு மயங்கும் நிலையும் தொடர்ந்து வரக்கூடும். பித்தப்பையை எடுப்பது பெரும்பாலும் ஒரு மணிநேர வேலை. அதைக் கல்லீரல் தாங்குமா என்பதே பல நாள் ஆராய்ந்து விடை காண வேண்டிய வினா.

அவ்விடையைத் தருவதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சைல்டு, டர்காட் என்னும் இருவர் 1964இல் வகுத்து, பியூ என்பவர் 1973இல் திருத்தியமைத்தது அது. ஐந்து செய்திகளை அது கேட்கிறது. இரத்தத்தில் பிலிருபின் எவ்வளவு? அல்புமின் எவ்வளவு? இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எவ்வளவு? வயிற்றில் நீர் உண்டா? அறிவு மயக்கம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். பிலிருபின் 2 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஒன்று, 3க்கு மேல் போனால் மூன்று. அல்புமின் 3.5 கிராமுக்கு மேல் இருந்தால் ஒன்று, 2.8க்குக் கீழ் இறங்கினால் மூன்று. ஐ.என்.ஆர். 1.7க்குக் கீழ் இருந்தால் ஒன்று, 2.3க்கு மேல் போனால் மூன்று. நீரும் மயக்கமும் இல்லையெனில் ஒவ்வொன்று. மிகுதியாக இருந்தால் மும்மூன்று. கூட்டுத்தொகை 5 அல்லது 6 எனில் ஏ வகுப்பு. 7 முதல் 9 வரை பி வகுப்பு. 10 முதல் 15 வரை சி வகுப்பு.

இவ்வகுப்புகளின் பொருளைப் பழைய கணக்கு ஒன்று துலக்கிக் காட்டும். கல்லீரல் சுருக்கம் உடையவர்க்கு நடந்த வயிற்று அறுவைகள் பலவற்றையும் சேர்த்து 1984இலும் 1997இலும் வெளிவந்த ஆய்வுகளில், ஏ வகுப்பினருள் நூற்றுக்குப் பத்துப் பேரும், பி வகுப்பினருள் முப்பது பேரளவும், சி வகுப்பினருள் எழுபத்தைந்துக்கு மேற்பட்டோரும் உயிரிழந்தனர். அவை கிழித்துச் செய்த பேரறுவைகளையும் அவசர அறுவைகளையும் உள்ளடக்கியவை. இன்று துளைமுறையில், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் பித்தப்பை அறுவையில் ஏ, பி வகுப்பினர்க்கு நிலை அதைவிடப் பன்மடங்கு நன்று. எனினும் மூன்று வகுப்புகளுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு இன்றும் அந்த வரிசையிலேயே உள்ளது. பிலிருபின், கிரியாட்டினின், ஐ.என்.ஆர். ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் மெல்டு என்னும் மதிப்பெண்ணையும் மருத்துவர் துணையாகக் கொள்வார். அது 6இல் தொடங்கி 40 வரை செல்லும். ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

ஒரே அளவுள்ள கல்லை உடைய மூவரை எண்ணிப் பார்க்கலாம். மூவர்க்கும் மாதந்தோறும் வலி வருகிறது என்று கொள்க.

முதலாமவர் ஏ வகுப்பு. வயிற்றில் நீர் இல்லை, மஞ்சள் இல்லை, அல்புமின் நன்றாக உள்ளது. இவர் லேப்ராஸ்கோப்பி அறுவையைத் தள்ளிப்போடலாகாது. “கல்லீரல் நோயுடையவர் ஆயிற்றே, பார்த்துக்கொள்ளலாம்” என்று உறவினர் அன்பினால் தடுப்பதுண்டு. அந்த அன்பே இவருக்குத் தீங்காகும். இன்று அமைதியாக நடக்கக்கூடிய அறுவை, ஈராண்டு கழித்துக் கல்லீரல் மேலும் தளர்ந்து, பித்தப்பையில் சீழ் பிடித்து, நள்ளிரவில் அவசரமாக நடக்க நேர்ந்தால் அதன் ஆபத்துப் பன்மடங்காகும். கல்லீரலுக்கு வலிமை உள்ள காலமே இவர்க்கு அறுவைக்கு உரிய காலம்.

இவ்வறுவையின்போது மருத்துவர் சில மாற்றங்களைச் செய்வார். வழக்கமாகத் தொப்புளில் இடும் துளையை, அங்குச் சிரைகள் புடைத்திருந்தால் தள்ளி இடுவார். வயிற்றைக் காற்றால் விரிக்கும் அழுத்தத்தை வழக்கமான 12 முதல் 15 மில்லிமீட்டரிலிருந்து இயன்றவரை குறைப்பார். கல்லீரலுக்குச் செல்லும் இரத்தம் குறையாதிருக்க அது உதவும். பித்தப்பையின் பின்சுவர் கல்லீரலோடு இறுக ஒட்டி, உரித்தால் குருதி பெருகும் எனக் கண்டால், அச்சுவரை அப்படியே விட்டு முன்பகுதியை மட்டும் அகற்றிக் கற்களை எடுத்துவிடுவார். இதற்குப் பகுதிப் பித்தப்பை நீக்கம் என்று பெயர். “முழுவதும் எடுக்கவில்லையாமே” என்று இதனைக் குறையாகக் கருதுவது தவறு. பித்தநாளத்திற்கும் சிரைகளுக்கும் ஊறு நேராமல் நோயாளரை மேசையிலிருந்து உயிரோடு இறக்கும் அறிவுடைமை அது. சிலர்க்குப் பின்னர்ச் சில நாள் பித்தநீர் கசியலாம். எண்டோஸ்கோப்பி வழியே சிறு குழாய் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். துளைமுறையில் தொடங்கியதை வயிற்றைத் திறந்து முடிக்க நேர்வதும் உண்டு. இவ்விரண்டையும் முன்பே கேட்டுத் தெளிந்து ஒப்புதல் தருவது குடும்பத்தாரின் கடமை.

இரண்டாமவர் பி வகுப்பு. சிறிதளவு நீர் கோத்துள்ளது, அல்புமின் குறைந்துள்ளது. இவர்க்கு உடனே அறுவை என்பதும் இல்லை. அறுவையே கூடாது என்பதும் இல்லை. முதலில் உடலைச் சீர்ப்படுத்த வேண்டும். உப்பைக் குறைத்து, நீர் பிரியும் மருந்து கொடுத்து, வயிற்று நீரை வடித்து, தொற்று இருப்பின் ஒழித்து, உணவைச் செம்மைப்படுத்தினால் பி வகுப்பினர் சிலர் ஏ வகுப்பின் விளிம்புக்கு வந்துவிடுகின்றனர். உணவுக்குழாயில் சிரைகள் புடைத்துள்ளனவா என்று எண்டோஸ்கோப்பியால் பார்த்து, வேண்டுமாயின் அவற்றைக் கட்டுவர். தேர்ந்தெடுத்த சிலர்க்குக் கல்லீரலுக்குள் ஒரு குழாய்ப் பாதை அமைத்துச் சிரை அழுத்தத்தைத் தணித்த பின் அறுவை செய்வதும் உண்டு. இவ்வாயத்தங்களுக்குச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காத்திருப்பு வீண்போவதில்லை.

மூன்றாமவர் சி வகுப்பு. மஞ்சள், நீர்க்கோப்பு, மயக்கம் மூன்றும் உண்டு. இவர்க்குப் பித்தப்பையை அறுத்தெடுப்பது பெரும்பாலும் தவிர்க்கப்படும். அழற்சி வந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளோடு பித்தப்பையின் சீழை வடிக்கும் வழிகளே முதலில் நாடப்படும். தோலின் வழியே, கல்லீரலை ஊடுருவிக் குழாய் செருகி வடிப்பது ஒரு வழி. வயிற்றில் நீரும் உறைதல் குறைபாடும் உள்ளவர்க்கு அதில் ஆபத்து உண்டு. எனவே வாய்வழியே எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி, பித்தநாளத்தின் வழியாகப் பித்தப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து வடிப்பது இவர்க்கு ஏற்ற மற்றொரு வழி. உள்நோக்கு அல்ட்ராசவுண்டின் துணையால் பித்தப்பைக்கும் குடலுக்கும் இடையே உலோகக் குழாயால் பாலம் அமைப்பது மூன்றாவது வழி. வயிற்றில் மிகுந்த நீர் உள்ளவர்க்கு அது எளிதன்று. இவை தேர்ச்சி மிக்க மையங்களில் மட்டுமே கிடைப்பவை.

இத்தகையவர்க்கு நிலையான தீர்வு, தகுதி இருப்பின், கல்லீரல் மாற்று அறுவையே. பழைய கல்லீரலை எடுக்கும்போது அதனோடு ஒட்டிய பித்தப்பையும் கல்லும் சேர்ந்தே வெளியேறிவிடும் என்பது பலர் அறியாத செய்தி. மாற்று அறுவைக்குக் காத்திருப்பவரிடத்தில் முன்னதாகப் பித்தப்பையை மட்டும் எடுத்தால், அவ்விடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொண்டு பின்னர் நடக்க வேண்டிய பேரறுவைக்கு இடையூறாகும். ஆகவே அக்குழுவினரைக் கேளாமல் வேறிடத்தில் அறுவைக்கு நாள் குறிக்கலாகாது. மாற்று அறுவைக்கும் தகுதி இல்லாதவர்க்கு வலியைத் தணித்துத் துணைநின்று பேணுவதும் மருத்துவமே. அதனைக் கைவிடுதல் என்று எவரும் கருதற்க.

கல் பித்தப்பையை விட்டு நழுவிப் பித்தநாளத்தில் சிக்கினால் கணக்கு வேறு. அங்கே எந்த வகுப்பினரும் காத்திருக்க இயலாது. அடைபட்ட பித்தத்தில் தொற்று ஏறினால் சில மணிநேரங்களில் உயிருக்கே இடர் நேரலாம். அக்கல்லை எண்டோஸ்கோப்பி வழியே எடுப்பதே முறை. நாளத்தின் வாயைச் சிறிது வெட்டிக் கல்லை எடுப்பது வழக்கம். உறைதல் மிகக் குறைந்தவர்க்கு வெட்டுவதால் குருதி பெருகலாம். ஆதலின் வாயைப் பலூனால் விரித்து எடுப்பதும், இல்லையேல் அப்போதைக்குக் குழாய் வைத்து அடைப்பை மட்டும் நீக்குவதும் உண்டு. ஈ.ஆர்.சி.பி. என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது இதுவே.

அறுவைக்கு முன் இரத்தச் சோதனைத் தாளைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஐ.என்.ஆர். சிறிது ஏறியிருப்பதை மட்டும் கொண்டு இரத்தப் பெருக்கை முன்னறிய இயலாது என்று இன்று அறியப்பட்டுள்ளது. கல்லீரல் நோயில் உறையச் செய்யும் பொருள்களும் உறைதலைத் தடுக்கும் பொருள்களும் ஒருசேரக் குறைகின்றன. அந்த எண்ணைச் சரிசெய்வதற்காகப் பிளாஸ்மாவை மிகுதியாக ஏற்றினால் சிரைகளில் அழுத்தம் ஏறி, பெருக்கு அதனாலேயே வரக்கூடும். தட்டணுக்கள் ஐம்பதாயிரத்துக்குக் கீழ் இருப்பின் மருத்துவர் ஏற்பாடு செய்வார். “ரத்தம் ஏற்றிவிட்டுத் துணிந்து செய்யுங்கள்” என்று குடும்பத்தார் வற்புறுத்துவது முறையன்று.

வலி மருந்துகளிலும் கருத்து வேண்டும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை கல்லீரல் சுருக்கம் உடையவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தப் பெருக்கையும் தூண்டும். பாரசிட்டமால் கல்லீரலுக்கு நஞ்சு என்று அஞ்சி அதை விடுத்து இவற்றை வாங்கி விழுங்குவோர் உளர். உண்மை நேர்மாறானது, நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல், மருத்துவர் சொன்னபடி கொள்ளும் பாரசிட்டமாலே இவர்க்கு ஏற்றது. தூக்க மாத்திரைகள் அறிவு மயக்கத்தைக் கொண்டுவரும் ஆதலால் தாமாக வாங்கி உண்ணலாகாது.

இனி இச்சமுதாயத்தார்க்கே உரிய சில செய்திகள். கல்லீரல் நலமாக உள்ளவர் ஒரு பகலும் ஓர் இரவும் உண்ணாதிருந்தாலும், கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சேமிப்பு அவரைத் தாங்குகிறது. சுருங்கிய கல்லீரலில் அச்சேமிப்பு மிகக் குறைவு. ஓர் இரவுப் பட்டினியே அவர் உடலுக்கு மற்றவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்கு ஒப்பானது. உடல் தன் தசையையே எரித்து உயிரைக் காக்கிறது. தசை கரைந்தவர் அறுவையைத் தாங்குவதில்லை. நெடுநேரம் உண்ணாதிருந்தால் பித்தப்பையில் பித்தம் தேங்கிக் கல்லுக்கும் வழியாகும். ஆகவேதான் இந்நோயினர்க்கு நாளில் நான்கைந்து வேளை சிறுகச் சிறுக உணவும், உறங்கப்போகும் முன் ஒரு சிற்றுணவும் மருத்துவர் விதிக்கின்றனர். பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் உணவின்றி இருக்க நேர்ந்தால் நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றுவர்.

இரவு உண்ணாமையை நியமமாக ஏற்றவர்க்கு இது எளிய செய்தி அன்று. நியமத்தை விடச் சொல்லும் உரிமை எந்த மருத்துவர்க்கும் இல்லை. நோயின் உண்மையை மறைக்கும் உரிமை நோயாளர்க்கும் இல்லை. இருவரும் ஒருவர்க்கொருவர் மனம் திறந்து பேச வேண்டும். நியமம் எத்தகையது, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்பதை மருத்துவரிடம் கூறுக. நோய் எத்தகையது என்பதைத் தாம் நியமம் ஏற்ற குருவிடம் கூறுக. சூரியன் மறையும் முன் நிறைவான உணவு, உதயத்திற்குப் பின் காலந்தாழ்த்தாத உணவு, பகலில் இடைவிடாத சிற்றுணவுகள் என்று சிலர் தம் நியமத்திற்குள்ளேயே வழி காண்பர். சிலர்க்கு அது போதாதிருக்கலாம். அப்போது நோய்க்காலத்திற்கு மட்டும் உரிய ஏற்பாட்டைக் குருவின் சொல்லால் பெறுவதே மனத்திற்கும் அமைதி தரும். பர்வ நாள்களின் உபவாசத்தை இந்நோயினர் பிறரைப் பார்த்து ஏற்கலாகாது. பூசையும் சுவாத்தியாயமும் தியானமும் அவர்க்கும் உரியவை. அவற்றில் அவர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர்.

புரதம் பற்றிய செய்தி மகிழ்ச்சிக்குரியது. மயக்கம் வரும் என்று அஞ்சி ஒருகாலத்தில் புரதத்தை நிறுத்தினர். இன்று அது தவறென்று கண்டு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை கொள்ளச் சொல்கின்றனர். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 72 முதல் 90 கிராம். பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தை இந்நோயினரின் உடல் ஊன் புரதத்தைவிட நன்கு தாங்குகிறது. சமணர் அடுக்களையில் வழிவழியாக உள்ள உணவே மருந்துக்கு இசைவாக அமைந்திருக்கிறது.

கொல்லாமையைக் கருதுவோர் அறுவைக்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவையும் உண்டு. இரத்தம் உறையாமைக்கு இடும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. அறுவையில் குருதியை நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சும், மாத்திரைக் கூடுகள் பலவும் விலங்குப் பொருளால் ஆனவை. பஞ்சுக்கு ஈடாகத் தாவர நாரிலிருந்து ஆக்கிய செல்லுலோஸ் வலை உண்டு. விலங்குக் குடலால் ஆகிய தையல் நூலுக்கு ஈடாகச் செயற்கை நூல் உண்டு. ஹெப்பாரினுக்குச் சில இடங்களில் செயற்கை மருந்து உண்டு. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேட்டால் மருத்துவர் இயன்றதைச் செய்வார். மேசையில் படுத்த பின் கேட்டால் அவராலும் இயலாது. உயிர்காக்கும் நெருக்கடியில் எதனை ஏற்பது என்பதையும் நோயாளரே நினைவு தெளிவாக உள்ளபோது குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பது நன்று.

இறுதியாக, எங்குச் செல்வது? கல்லீரல் நலமாக உள்ளவர்க்கு ஊரிலுள்ள சிறு மருத்துவமனையே இவ்வறுவைக்குப் போதும். கல்லீரல் சுருக்கம் உடையவர்க்குக் கல்லீரல் மருத்துவரும், இரைப்பை குடல் அறுவைத் துறையும், எண்டோஸ்கோப்பியும், இரத்த வங்கியும், தீவிரச் சிகிச்சைப் பிரிவும் ஓரிடத்தில் உள்ள மருத்துவமனையே தக்கது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தார்க்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆகிய மூன்றும் பேருந்தில் சென்று சேரக்கூடிய தொலைவில் உள்ளன. செல்லும்போது பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் உடன்கொண்டு செல்க. “கல்லீரல் எந்த வகுப்பில் உள்ளது? இந்த வலி கல்லால் வருவதுதானா? அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் எம்முறையில், எவ்வளவு ஆயத்தத்திற்குப் பின்?” என்னும் நான்கு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்க. கண்ணில் மஞ்சள், குளிர்காய்ச்சல், கறுத்த மலம், இரத்த வாந்தி, பேச்சில் தடுமாற்றம், பகலில் மிகுந்த உறக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் புறப்படுக.

பொருள் ஒன்றேயாயினும் அதனை நோக்கும் நிலைக்கேற்ப உண்மை பலவாகத் தோன்றும் என்பது அநேகாந்தம் கற்பிக்கும் பாடம். பக்கத்து வீட்டார்க்கு நன்மை செய்த அறுவை மற்றொருவர்க்குத் தீமை செய்யலாம்; ஒருவர்க்கு ஆகாதது மற்றொருவர்க்கு உயிர் காக்கலாம். அதனால், இங்கு வந்துள்ள ஒவ்வொருவரும் இவ்வாரமே ஒரு காரியம் செய்தல் வேண்டும். தம் இல்லத்தில் கல்லீரல் நோயோ பித்தக்கல்லோ உள்ள முதியவர் இருப்பின், அவருடைய தாள்களை ஒன்றாகக் கோத்து, அவரை உடன் அழைத்துச் சென்று, தக்க மருத்துவரிடம் மேற்சொன்ன நான்கையும் கேட்டு வருக. செல்லத் துணையில்லாத அண்டை வீட்டு முதியவர்க்கும் அவ்வாறே செய்க. அதுவே இவ்விழாவில் செய்யத்தக்க மருந்துத் தானம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலமுற்று வாழ்க! ஜெய ஜினேந்திரா!